பதினாலு ஊசி

காலை எட்டு மணி ஷிஃப்டுக்கு எட்டு பத்துவரை விரல் வைக்கலாம். அதைத் தாண்டினால் அரை மணிக் கூலி போய்விடும். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் டைம் ஆபீசில் இருபத்தைந்து வருஷமாக நான் பார்க்கிற வேலை இதுதான். முன்பு அட்டை, இப்போது விரல்ரேகை மெஷின். ஓட்டம் மட்டும் மாறவில்லை. மாதனூர், பேர்ணாம்பட்டு, குடியாத்தம் பக்கமிருந்து கம்பெனி பஸ்கள் வந்து நின்றதும், சாப்பாட்டுப் பை இடுப்பில் இடிக்க இடிக்கப் பெண்கள் கேட்டைப் பார்த்து ஓடி வருவார்கள். யாருடைய ஓட்டம் எப்படி என்று எனக்கு அத்துப்படி.

2022 டிசம்பரில் ஒரு நாள், தையல் லைனில் வேலை செய்யும் ஒரு பெண் ஓடாமல் வந்தாள். வலது காலை முழுதாக ஊன்றாமல், நடப்பதே தெரியக்கூடாது என்பதுபோல. விரல் வைத்துவிட்டு நகர்ந்தவளின் சுடிதார் பேன்ட்டில், கெண்டைக்கால் பக்கம் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு ஈரமாக ஒரு கறை.

"இன்னாம்மா கால்ல?"

"ஆணி கிழிச்சிடுச்சி சார். பஸ்சுல."

ஆணி கிழித்தால் ஒரு கோடு விழும். இங்கே எதிரெதிரே இரண்டு பொத்தல், ஒன்றிலிருந்து கீழே ஒரு இழுப்பு. இதே அச்சு என் இடது காலிலும் இருக்கிறது. முடி முளைக்காத இரண்டு புள்ளிகளாக முப்பத்தைந்து வருஷமாக. "எந்த நாய்?" என்றுதான் கேட்டேன். பொலபொலவென்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

"யாராண்டயும் சொல்லாதீங்க சார். தொப்புளச் சுத்திப் பதினாலு ஊசி போடுவாங்களாம். அத்தினி நாளு லீவு யாரு குடுப்பா?"

அவளுக்கு இருபத்திரண்டு வயது. தொப்புளைச் சுற்றிப் போடுகிற அந்த ஊசி மருந்தின் தயாரிப்பை இந்தியாவில் நிறுத்தியது 2004 டிசம்பரில். அப்போது இவளுக்கு நாலு வயது இருந்திருக்கும். கண்ணால் பார்க்காத ஒரு ஊசி. அது ஒழிந்து பதினெட்டு வருஷம் ஆகியும், அதன் பயம் மட்டும் பாட்டியிடமிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து மகளுக்கு என்று பாத்திரம் பண்டம்போலக் கைமாறி வந்திருக்கிறது.

அந்தப் பயத்தை எங்கள் தெருவில் பரப்பியவர்களில் நானும் ஒருவன்.

கேன்டீன் குழாயடிக்குக் கூட்டிப்போனேன். கைகழுவ வைத்திருந்த சோப்புக் கட்டியைக் கையில் கொடுத்து, குழாயைத் திறந்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தைக் காட்டினேன். பதினைந்து நிமிஷம், ஓடுகிற தண்ணீரில், நுரை போகப் போக மறுபடி சோப்பு. ஒரு நிமிஷத்தில் நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். இன்னும் பதினாலு இருக்கு என்றேன். பதினைந்து நிமிஷம் எவ்வளவு நீளம் என்பது சும்மா நின்று பார்த்தால்தான் தெரியும். நடுவில் லைன் சூப்பர்வைசர் வந்து, எதிரே நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். போனார். திரும்பி வந்தார். ஒரு பக்கம் கூலி வெட்டுகிற நிமிஷம், மறுபக்கம் உயிர் காக்கிற நிமிஷம், ஒரே முள்ளில் ஓடிக்கொண்டிருந்தன.

வெறும் சோப்பு என்ன செய்துவிடும் என்று சூப்பர்வைசர் கேட்டார். வெறிநோய்க் கிருமிக்கு மேலே கொழுப்பாலான ஒரு உறை உண்டு. சோப்பு பட்டால் அது கரையும், கிருமி செத்துப்போகும். ஆட்டுத் தோலில் கொழுப்பு போகாவிட்டால் சாயம் திட்டுத் திட்டாகத்தான் ஏறும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த ஊர் இது. கொழுப்பை எடுக்க டிரம்மில் போட்டு உருட்டுகிறோமே, அதே கதைதான் என்றேன். புரிந்தது அவருக்கு. அதற்கப்புறம் கடிகாரம் பார்க்கவில்லை.

என் காலில் அச்சு விழுந்தது 1987இல், ஆயுத பூஜைக்கு மறுநாள். எனக்குப் பத்து வயது.

எங்கள் நைனா பாலாற்றங்கரைப் பக்கம் ஒரு தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை செய்தார். மதியம் அவருக்குத் தூக்குச்சட்டி கொண்டுபோவது என் வேலை. சுண்ணாம்பில் ஊறிய தோலை மரச்சாய்வில் போட்டு, இரண்டு கைப்பிடி வைத்த வளைந்த கத்தியால் உள்பக்கத்துச் சதையையும் கொழுப்பையும் வழித்தெடுப்பார்கள். ஜவ்வு என்போம். வஜ்ஜிரப் பசை காய்ச்சுகிறவர்களின் வண்டி வந்து அள்ளிப்போகும்வரை அது பின்சுவரை ஒட்டிக் குவிந்து கிடக்கும். அந்தக் குவியலுக்குச் சொந்தக்காரர்கள் நாய்கள். மற்ற ஊர் நாய்களை எச்சில் இலை வளர்க்கும் என்றால் எங்கள் ஊர் நாய்களை ஜவ்வு வளர்த்தது. சுண்ணாம்பு பட்டு மூக்கு வெந்து, உடம்பில் மயிர் உதிர்ந்து, வயிறு மட்டும் புடைத்திருக்கும். ஒன்றிரண்டல்ல, பத்துப் பன்னிரண்டு. மனுஷர்கள் தங்கள் பங்குக்கு வருகிறார்கள் என்றே அவை எங்களை நினைத்திருக்க வேண்டும்.

ஷாப்பு வாட்ச்மேன் எங்கள் லைன் வீட்டில் மூன்றாவது வீடு. நான் அவரை மாமா என்பேன். ராத்திரி முழுக்க அந்த நாய்களோடு இருந்தும் ஒரு கீறல் வாங்காதவர். அவர் எங்களுக்குச் சொல்லிவைத்த பாடம் இது: "ஓடாத. ஓடுனா நீ ஆடு, அது நாயி. அதும் கண்ண உத்துப் பாக்காத. கைய ஆட்டாத. மரம்னு நெனச்சிக்கினு அப்புடியே நில்லு. மரத்த எந்த நாயும் கடிக்காது, மோந்து பாத்துட்டு ஒண்ணுக்கு வுட்டுட்டுப் பூடும்." தின்கிற நாய்கிட்டப் போகாதே, தூங்குகிற நாயைத் தாண்டாதே, குட்டி போட்ட நாயை எட்டிப் பார்க்காதே. பிற்பாடு இதே அறிவுரைகளைப் படம் போட்டு ஆஸ்பத்திரிச் சுவர்களில் ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். மாமாவின் மரம் அதில் இல்லை.

அன்றைக்கு நான் மரமாக நிற்கவில்லை. பூஜைக்கு உடைத்த பூசணிக்காய்த் துண்டுகளும் பொரியும் சிதறிக் கிடந்த வழியில், தூக்குச்சட்டியில் கருவாட்டுக் குழம்பு மணக்க, குறுக்கே புகுந்து ஓடினேன். செம்மண் நிறத்தில் ஒரு பெட்டை கெண்டைக்காலைப் பிடித்தது. குழம்பு கொட்டியதற்குத்தான் முதலில் அழுதேன்.

ஆயா மிளகாய்த்தூளை நல்லெண்ணெயில் குழைத்து வைத்து அப்பினாள். விஷம் எரிந்து வெளியே வருமாம். நான் போட்ட கத்தலில் லைன் வீடே கூடிவிட்டது. ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். சுண்ணாம்பு தடவு, காசை வைத்துக் கட்டு, மந்திரிக்கிறவரிடம் கூட்டிப்போ. ஊசி போடாவிட்டால் வயிற்றில் நாய்க்குட்டி வளரும் என்று ஒரு அக்கா சொன்னதை நான் நம்பினேன். நைனா ஷிஃப்ட் முடிந்து வந்து, சுண்ணாம்பு வாடையோடு என்னைத் தோளில் போட்டுக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கிருந்த கம்பவுண்டர் மிளகாயைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். குழாயடியில் உட்கார வைத்துக் கழுவிக் கழுவி எடுத்தார். அந்த எரிச்சல் ஊசியைவிடப் பெரிது. புண்ணில் மிளகாயும் சுண்ணாம்பும் வைத்தால் சதை வெந்து, கிருமி உள்ளே நரம்பைத் தேடிப்போகத்தான் வழியாகும் என்று இப்போது தெரியும். அன்று தெரிந்தது ஒன்றுதான்: நாளையிலிருந்து பள்ளிக்கூடம் போக வேண்டாம்.

பதினாலு நாள், நாளுக்கு ஒன்று. இன்றைக்குத் தொப்புளுக்கு இடப்பக்கம், நாளைக்கு வலப்பக்கம். கொதிக்கவைத்த கண்ணாடி சிரிஞ்சை இடுக்கியால் எடுத்து மாட்டும்போது கிளிக் என்று ஒரு சத்தம் வரும். வயிறு தானாக உள்ளே போகும். வயிற்றுத் தோலைக் கம்பவுண்டர் கொத்தாகப் பிடித்துத் தூக்குவார். மருந்து இறங்கிய இடம் நெல்லிக்காய் அளவுக்கு வீங்கிக் கன்றிப்போகும். கவனத்தைத் திருப்ப அவர் ஏதாவது பேசுவார். ஒருநாள் சொன்னார்: "இது குன்னூர்லேர்ந்து வருது. ஆட்டு மூளையில செய்யறது, தெரியுமா?"

அதை நான் வேடிக்கைப் பேச்சு என்று நினைத்தேன். உண்மைதான். 1902இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற பெண்மணி நாய் கடித்து வெறிநோயில் இறந்தார். அப்போது இந்தியாவில் நாய்க்கடி சிகிச்சைக்கு இருந்த பாஸ்டர் நிலையம் வடக்கே கசௌலியில், இமயமலைப் பக்கம் இருந்தது. தெற்கிலிருந்து ரயிலேறிப் போய்ச் சேருவதற்குள் நோய் முந்திக்கொள்ளும். அந்தச் சாவின் தாக்கத்திலும், ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கப் பணக்காரர் கொடுத்த நன்கொடையிலும் 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறந்தார்கள். கசௌலியில் டேவிட் செம்பிள் 1911இல் உருவாக்கிய முறைப்படி, ஆட்டின் மூளையில் கிருமியை வளர்த்து, பீனால் சேர்த்துச் சாகடித்து எடுத்த மருந்துதான் நாட்டில் பல தலைமுறை வயிறுகளில் இறங்கியது. எத்தனையோ பேரைக் காப்பாற்றியது. ஆனால் மூளைத் திசு கலந்திருந்ததால் அபூர்வமாகச் சிலருக்குக் கைகால் விழுந்ததும் உண்டு. அதனால்தான் பிறகு கைவிட்டார்கள். ஆட்டின் தோல் ஆம்பூருக்கு வந்தது, கறி பிரியாணிக்குப் போனது, மூளை குன்னூரிலிருந்து சீசாவில் எங்கள் வயிற்றுக்கு வந்தது. இந்த ஊர்க்காரன் ஆட்டுக்குப் பட்ட கடன் கொஞ்சமில்லை.

ஊசி முடிந்த அன்றே நான் தெருவில் பெரிய ஆளாகிவிட்டேன். சட்டையைத் தூக்கித் தழும்பு காட்ட ஒரு கோலிக்குண்டு கட்டணம். ஊசியின் நீளம் நாளுக்கு நாள் வளர்ந்தது. முதலில் விரல் நீளம், பிறகு பென்சில் நீளம், கடைசியில் அது முதுகுப் பக்கம் வந்து எட்டிப் பார்க்கும் என்றே சொல்லிவிட்டேன். நாலு பேர் கையைக் காலைப் பிடித்துக்கொள்வார்கள் என்றேன். அப்படி யாரும் பிடிக்கவில்லை. வாயைப் பிளந்து கேட்டவர்களில் முன்வரிசையில் இருந்தவன் வாட்ச்மேன் மாமாவின் மகன். என் வகுப்பு. அவன் பெயரை இங்கே எழுத மனம் வரவில்லை.

அந்த வருஷம் டிசம்பர் 24ஆம் தேதி விடிகாலையில் எம்.ஜி.ஆர். இறந்துபோனார். கடைகள் எல்லாம் இழுத்து மூடிக்கிடந்தன, பஸ் இல்லை, ஷாப்பும் இல்லை. பெரியவர்கள் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். கேட்பாரில்லாத நாங்கள் ஆற்று மணலிலேயே கிடந்தோம். ஷாப்புச் சுவரோரம் தாயைத் தொலைத்துவிட்டு ஒரு குட்டி கத்திக்கொண்டிருந்தது. வெள்ளையில் கறுப்புத் திட்டு, காதுகள் மடிந்து, கையில் அடங்கும் அளவு. அவன் அதைத் தூக்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். பால் வாங்க வழியில்லை, பொறையைத் தண்ணீரில் நனைத்து ஊட்டினோம். ஊட்டும்போது அவன் வலது மணிக்கட்டில் பல் பட்டது. கடி என்று சொல்ல முடியாது. பொட்டு வைத்ததுபோல் ரத்தம். அவன் அதை நாக்கால் நக்கிவிட்டு, என் வயிற்றைப் பார்த்தான்.

"சொல்லிடாதடா" என்றான். "எங்கம்மா ஊசிக்கு இஸ்துகினு பூடும்."

"குட்டி கடிச்சா ஒண்ணும் ஆவாது" என்றேன் நான். ஊசி விஷயத்தில் தெருவுக்கே நிபுணன் நான்தானே. அம்மா மேல் சத்தியம் செய்தோம்.

நாலாம் நாள் குட்டி செத்துப்போனது. அதற்கு முந்தின நாள் வாயில் நுரையாக எச்சில் வடிய, காலை இழுத்து இழுத்து நடந்தது. குளிர் என்று நினைத்துச் சாக்கில் சுற்றி வைத்தோம். ஊரெல்லாம் எம்.ஜி.ஆர். படத்துக்கு மாலை போட்டு ஊர்வலம் போயிருந்தார்கள். நாங்களும் செருப்பு டப்பாவில் குட்டியை வைத்து, எருக்கம்பூ மாலை போட்டு, தகர டப்பா தட்டிக்கொண்டு பாலாற்று மணலில் ஊர்வலம் போனோம். அவன்தான் முன்னால் நின்று தூக்கிவந்தான். குழி தோண்டும்போது உண்மையாகவே அழுதான்.

கடித்த நாயைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனி என்பார்கள். எச்சிலில் கிருமி வந்துவிட்ட நாய் பத்து நாளைக்கு மேல் தாங்காது என்பது அதன் கணக்கு. அதற்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. ஊசியை ஆரம்பித்துவிட்டு நாயைப் பார்க்க வேண்டும். அந்தக் குட்டி நாலாம் நாளே எங்களுக்குச் செய்தி சொல்லிவிட்டது. நாங்கள் அதற்கு மேளம் அடித்தோம்.

பொங்கல் போனது. பிப்ரவரி நடுவில் அவன் பள்ளிக்கூடம் வரவில்லை. காய்ச்சல், வலது கை குறுகுறுக்கிறது, எறும்பு ஊறுகிறது என்கிறான் என்றார்கள். தழும்புகூடத் தெரியாத இடத்தைச் சொறிந்துகொண்டே இருந்தானாம். மூன்றாம் நாள் சாயங்காலம் நான் அவர்கள் வீட்டு ஜன்னல்கிட்ட நின்றேன். அத்தை, அவன் அம்மா, எவர்சில்வர் டம்ளரில் வெந்நீர் ஆற்றிக் கொண்டுவந்தாள். தாகம் என்று கேட்டவன் அவன்தான். டம்ளர் உதட்டுக்கு அரை சாண் தூரத்தில் வரும்போதே தொண்டை வெட்டி இழுத்தது. தலை பின்னால் போய்ச் சுவரில் மோதியது. அத்தை டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஸ்பூனில் எடுத்தாள். ஸ்பூனுக்கும் அப்படியே. யாரோ விசிறினார்கள், அந்தக் காற்றுக்கும் துடித்தான். நடுநடுவே ஐந்து நிமிஷம் தெளிவாக இருந்தான். அதுதான் கொடுமை. ஜன்னலில் என்னைப் பார்த்து, "ஓம் ஒர்க் முடிச்சிட்டியாடா?" என்று கேட்டான்.

மந்திரித்தார்கள், வேப்பிலை அடித்தார்கள். அடுத்த நாள் வேலூருக்குத் தூக்கிப்போனார்கள். அங்கே டாக்டர் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி நாய் கடித்ததா என்பது. அத்தை இல்லை என்றாள். அவளுக்குத் தெரிந்து இல்லை. ஒரு கீறல்கூட இல்லையா என்று டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். ராத்திரி மாமா மட்டும் ஊருக்குத் திரும்பி வந்து, எங்கள் வீட்டு வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார். நாய்களோடு இருந்து நாய்களைப் படித்த மனுஷர். அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது.

"நெசமாச் சொல்லு கண்ணு. ஏதாச்சும் நாயி கீயி அவனப் புடிச்சுதா?"

ஆயா பின்னால் நின்றாள், நைனா நின்றார். சத்தியம் செய்தது, குட்டி கடித்தால் ஒன்றும் ஆகாது என்று சொன்னது, மேளம் அடித்தது எல்லாம் ஒன்றாகத் தொண்டையில் வந்து அடைத்தது.

"தெரியாது மாமா" என்றேன்.

மறுநாள் மதியம் அவன் போய்விட்டான்.

அன்று நான் உண்மை சொல்லியிருந்தாலும் அவன் பிழைத்திருக்க மாட்டான். அறிகுறி தெரிந்த பிறகு இந்த நோயிலிருந்து மீண்டவர்களை உலகம் முழுக்கத் தேடினாலும் விரல்விட்டு எண்ணிவிடலாம். இதை எத்தனையோ டாக்டர்களிடம் வேறு வேறு சாக்கில் கேட்டு உறுதி செய்துகொண்டிருக்கிறேன். ஆனால் கடிக்கும் அறிகுறிக்கும் நடுவில் ஏழு வாரம் இருந்தது. கிருமி ரத்தத்தில் ஓடுவதில்லை, நரம்பு வழியாக மெல்ல மூளைக்கு ஏறுகிறது. பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதம் ஆகிறது. முகத்தில், தலையில், கையில் கடித்தால் வழி குறைவு. அந்த ஏழு வாரத்தில் எந்த நாள் நான் வாயைத் திறந்திருந்தாலும் நல்லதுதான். அரைப் பரீட்சை லீவு, பொங்கல், கரும்பு, மாட்டுப் பொங்கலன்று ஷாப்புக்குப் போய் மாடு பார்த்தது. ஒவ்வொரு நாளும் என் பக்கத்திலேயேதான் இருந்தான்.

வெறிநோய் இருப்பதாகச் சந்தேகப்படும் விலங்கு கடித்தவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பிள்ளைகள் குட்டையானவர்கள், நாய்க்கு முகம் எட்டும், விளையாட்டில் பிடித்து இழுப்பார்கள் என்று காரணங்கள் சொல்வார்கள். எல்லாம் சரி. என்னைக் கேட்டால் இன்னொன்றும் சேர்ப்பேன். பிள்ளைகள் சொல்ல மாட்டார்கள். திட்டுக்கும் ஊசிக்கும் பயந்து மறைப்பார்கள், மறைக்க இன்னொரு பிள்ளை துணை இருக்கும்.

அந்தத் தையல் லைன் பெண்ணை அன்றைக்கு நானே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ரத்தம் வந்த கடி என்பதால் மூன்றாம் வகை என்று எழுதினார்கள். தொட்டது, கிழியாத தோலை நக்கியது முதல் வகை. அதற்குக் கழுவினால் போதும். ரத்தம் வராத கீறல் இரண்டாம் வகை, அதற்குத் தடுப்பூசி. தோல் கிழிந்து ரத்தம் பார்த்துவிட்டால் மூன்றாவது. அதற்குத் தடுப்பூசியோடு சீரமும் வேண்டும், புண்ணைச் சுற்றியும் புண்ணுக்குள்ளேயும். தடுப்பூசி உடம்புக்குப் பாடம் நடத்தி அது சண்டைக்குத் தயாராக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். அதுவரை வாசலில் நிற்கிற காவல்காரன் இந்தச் சீரம். பலர் கையில் ஊசி போட்டுக்கொண்டு சீரத்தை விட்டுவிடுகிறார்கள். கேட்டு வாங்க வேண்டிய மருந்து அது. வலிக்கும், மறைக்க ஒன்றுமில்லை. என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் இரண்டு புஜத்திலும் தோலுக்குள் பக்கத்துக்கு ஒரு துளி, 0.1 மில்லி. கொசுக்கடிபோலச் சின்னதாக மேலே எழும்பியது. 2006இல் இந்த முறைக்கு இந்தியாவில் அனுமதி கிடைத்தது. ஒரு சீசாவைப் பலருக்குப் பங்கிடலாம். திறந்த சீசாவைச் சில மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதால், ஊசி போடுகிற அறை வாசலில் ஆள் சேரும்வரை உட்கார வைப்பதும் உண்டு. அன்று பெஞ்சில் எங்களோடு ஒரு பால்காரர், ஒரு கூரியர் பையன், பூனை பிறாண்டிய ஒரு ஆசிரியை. நர்ஸ் பஞ்சைத் தேய்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். இவள் எழுந்திருக்கவே இல்லை.

"ஊசி எப்ப சார் போடுவாங்க?" என்றாள் என்னிடம்.

முதல் நாள், அதிலிருந்து மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். மொத்தம் நாலே தவணை. நான் கம்பெனி மேனேஜரிடம் போய் ஒன்று கேட்டேன். நாய் கடித்து வருகிறவர்களுக்கு லேட் போடாதீர்கள், ஊசி நாளில் இரண்டு மணி நேரம் விடுங்கள். யோசித்துவிட்டுச் சரி என்றார். மெஷினுக்கு மேலே ஒரு அட்டையில் எழுதி ஒட்டினேன்: "நாய் கடிச்சா லேட் கிடையாது. முதல்ல சோப்பு." அதற்குப் பிறகு எங்கள் கம்பெனியில் ஆணி கிழிப்பது குறைந்தது, நாய் கடிப்பது கூடியது.

ஊரில் நாய் குறையவில்லை. ஜவ்வுக் குவியல்கள் முன்போல் இல்லை. பாலாற்று மாசு வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டுத் தீர்ப்புச் சொன்ன பிறகு, கழிவு விஷயத்தில் ஷாப்புகளுக்குக் கொஞ்சம் பயம் வந்தது. ஜவ்வு போன இடத்தைப் பிரியாணி எலும்பு பிடித்துக்கொண்டது. ராத்திரி பதினொரு மணிக்குக் கடைகள் அண்டாவைக் கவிழ்த்ததும் சந்துகளில் எலும்பு, கத்தரிக்காய்க் காம்பு, இலை. அதே நேரத்தில் இரண்டாம் ஷிஃப்ட் விட்டு வருகிறவன் டூவீலரை முறுக்குகிறான். முறுக்க முறுக்கத் துரத்தும். மாமாவின் மரத்துக்கு டூவீலர் பாஷையில் அர்த்தம் வேகத்தைக் குறை என்பது. குறைத்தால் பாதி நாய்கள் எதற்கு ஓடிவந்தோம் என்று மறந்து நின்றுவிடும்.

நாய்களைப் பிடித்துக் கொன்றுவிட வேண்டும் என்று டீக்கடையில் பேசுகிறவர்கள் உண்டு. சோறு போடுகிறவர்களைத் திட்டுகிறவர்களும் உண்டு. என் சின்ன வயதில் நகராட்சி வண்டி சுருக்குக் கம்பியோடு வரும், இழுத்துப்போகும். அடுத்த மாதமே பக்கத்துத் தெரு நாய்கள் வந்து அந்த ஜவ்வில் வாய் வைக்கும். தின்ன இருக்கும்வரை இடம் காலியாக இருக்காது என்பதைக் கணக்குப் போட்டுத்தான் மெட்ராஸில் புளூ கிராஸ்காரர்கள் 1964லேயே கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுகிற வேலையைத் தொடங்கினார்கள். 2001இல் அது மத்திய அரசின் விதியானது, 2023இல் புது விதி வந்தது. 2025 ஆகஸ்டில் டெல்லி நாய்கள் பற்றி உச்ச நீதிமன்றம் முதலில் எல்லாவற்றையும் அடை என்றது. பதினொரு நாளில் அதைத் திருத்தி, வெறிபிடித்ததும் மூர்க்கமானதும் தவிர மற்றவற்றை ஊசி போட்டு விடச் சொன்னது. நவம்பரில் பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடிப்பவற்றை அங்கேயே திரும்ப விடாதே என்றது. எங்கள் ஊர் டீக்கடை ஒவ்வொரு உத்தரவுக்கும் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. எனக்கு இதில் பெரிய கட்சி எதுவும் இல்லை. பத்தில் ஏழு நாய்க்கு வருஷா வருஷம் ஊசி போட்டுவிட்டால் நோய் நாய்களுக்குள்ளேயே அற்றுப்போகும் என்பது உலகம் ஒப்புக்கொண்ட கணக்கு. அதைச் செய், சந்து எலும்பை ராத்திரியே அள்ளு. மற்றதை அப்புறம் சண்டை போடலாம்.

மாமா இறந்து பல வருஷம் ஆகிறது. அத்தை இன்னும் அதே லைன் வீட்டில்தான் இருக்கிறாள். கண்ணில் புரை எடுத்திருக்கிறாள், நடை தளர்ந்துவிட்டது. மகனுக்கு என்ன ஆனது என்று யாராவது புதிதாகக் கேட்டால், ஆற்று மணலில் ஆடும்போது ஏதோ காத்து அடித்துவிட்டது என்பாள். டாக்டர் நாய் என்று சொன்னாரே என்றால், "இன்னா நாயி? ஒரு நாயும் அவனத் தொடல. இவனக் கேளு, கூடவே இருந்தவன்" என்று என்னைக் காட்டுவாள். நான் தலையாட்டியிருக்கிறேன். ஒரு தடவை மட்டும் இல்லை.

போன மாதம் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து அந்த வழியாக வந்தேன். அத்தை வாசல்படியில் உட்கார்ந்து மீந்த சோற்றை ஒரு பிளாஸ்டிக் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். பழுப்பு நாய் ஒன்று தின்றுகொண்டிருந்தது. நான் எட்டவே நின்றேன். தின்கிற நாய்கிட்டப் போகக்கூடாது.

"வாடா, இது ஒண்ணும் பண்ணாது" என்றாள். "முனிசிபாலிட்டியில ஊசி போட்டு வுட்டது. இங்க பாரு, காதுல வெட்டியிருக்கு." தடவித் தடவி அதன் இடது காதைக் கண்டுபிடித்து, நுனியில் வெட்டிய இடத்தை எனக்குக் காட்டினாள்.

பார்த்தேன் அத்தை என்றேன்.